இடது காது கொஞ்சம் மேலே

பிப்ரவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உன் அத்தைக்கு முழங்காலில் கொஞ்சம் வலி. வாயில் ஒரு குறையும் இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை வந்தபோது உன் சட்டை தோளில் இரண்டு விரல் இறங்கி நின்றது. தையல்காரன் கண்ணுக்கு அது தப்பாது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அத்தை நடுவில் புகுந்து பிடுங்கிக்கொள்கிறாள். இது அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச முடியாத விஷயம்.

நான் படம் வரையக் கற்றுக்கொள்கிறேன். சிரிக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்து மாடியில் ஒரு டீச்சர் பென்சிலில் முகம் வரையச் சொல்லிக்கொடுக்கிறார். எங்கள் வகுப்பில் மருந்துக்கடை அம்மாள் இருக்கிறார், இரண்டு கல்லூரிப் பெண்கள் இருக்கிறார்கள், இன்னும் சிலர். நான்தான் எல்லாருக்கும் பெரியவன், கோடு மட்டும் எல்லாரையும்விட நடுங்குகிறது.

ஏன் சேர்ந்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். நம் சுருட்டை நம்மை விட்டுப் போய் நான்கு வருடம் ஆகிறது. வீட்டில் அவனுடைய நல்ல படம் ஒன்று கிடையாது. எல்லாவற்றிலும் மூக்குக்கண்ணாடி, அதில் வெளிச்சம் பட்டு, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளை வட்டம். உங்கள் கல்யாணப் படத்தில்கூட யாரோ முகத்தில் டார்ச் அடித்த மாதிரி உன் பக்கத்தில் நிற்கிறான். எனக்கு என் பிள்ளையின் கண்ணைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. வேறு யாரும் வரைந்து தர முடியாது, ஏனென்றால் வரையத் தெரிந்தவர்கள் யாரும் அவனைப் பார்த்ததில்லை. அதனால் நானே இறங்கிவிட்டேன்.

முதல் வகுப்பில் மானம் போயிற்று. எதிரே மருந்துக்கடை அம்மாள் உட்கார்ந்தார். எனக்குப் பென்சிலை நம்பத் தெரியாது, டேப்பை நம்பத் தெரியும். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, அவரிடம் அனுமதி கேட்டு, ஒரு காதிலிருந்து மூக்கு மேலாக மறு காது வரை அளந்தேன். அந்த அளவை அப்படியே பேப்பரில் குறித்து வரைந்தேன். முடித்துப் பார்த்தால் பூசணிக்காய். டீச்சர்தான் சொன்னார்: “சார், துணி ஒடம்பச் சுத்திப் போகும். பேப்பர் சுத்திப் போகாதே.” நாற்பது வருடம் கத்தரி பிடித்தவனுக்கு இது தோன்றவில்லை பார்.

வீட்டுக்கு எடுத்துவந்து உன் அத்தையிடம் காட்டினேன். “இந்தம்மா மேல ரோடு ரோலர் ஏதாவது ஏறிடுச்சா?” என்று கேட்டாள்.

நீ கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க முகங்களைத்தான் பார்க்கிறாய். எனக்கு உதவி செய்ய வேண்டும். யோசித்து எழுது.

இப்படிக்கு,
பூசணிக்காய் புகழ் மாமா


பிப்ரவரி 17

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகள் அநேக வணக்கங்களுடன் எழுதுகிறேன். கடை மேஜையில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கண் பரிசோதனைக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பூசணிக்காயை எனக்கு அனுப்பிவையுங்கள். சட்டம் போட்டு மாட்டுகிறேன்.

சாப்பிடுகிறேன் மாமா. அந்தச் சட்டை தைத்தபோதே பெரிது. தைத்தது யார் என்று நான் சொல்லமாட்டேன்.

நீங்கள் அவரை வரையப் போகிறீர்கள் என்று படித்ததும் கொஞ்ச நேரம் என்னால் வேலை செய்ய முடியவில்லை. பிறகு சந்தோஷமாக இருந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கண்ணாடி செய்வதற்கு முன் ஒரு கண்மணியிலிருந்து மறு கண்மணிக்கு எவ்வளவு தூரம் என்று அளப்போம். அவருக்கு அறுபத்து நான்கு மில்லிமீட்டர். முதல் முதல் அவர் எங்கள் கடைக்கு வந்தபோது நான்தான் அளந்தேன். அளக்கும்போது என்னையே பார்க்காமல் சுவரில் இருக்கிற புள்ளியைப் பாருங்கள் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. அதனால் இரண்டு தடவை அளக்க வேண்டி வந்தது. உங்களுக்கு அது தெரியாது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. யாருக்கும் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருக்காது. கண்ணாடி கோணலாக உட்காருகிறது என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் உங்கள் காதுதான் கோணல் என்று எப்படிச் சொல்வது? பேசாமல் ஒரு பக்கக் கம்பியை வளைத்துக் கொடுத்துவிடுவோம். நீங்களும் இரண்டு காதையும் ஒரே கோட்டில் வரையாதீர்கள்.

கடையில் வேலை சரியாக இருக்கிறது. பின்கட்டில் லென்ஸ் தேய்க்க வந்தவர் போன வருடத்திலிருந்து நிலைத்துவிட்டார், அதனால் பழையபடி வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்குவதில்லை. அத்தையை முழங்காலுக்கு டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நாளை நாளை என்று தள்ளாதீர்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 4

அன்புள்ள மருமகளுக்கு,

உன் அத்தையை டாக்டரிடம் காட்டியாயிற்று. நடக்கச் சொன்னார். அவள் அவருக்கு நடப்பதைப் பற்றி ஒரு பாடம் எடுத்துவிட்டு வந்தாள்.

நான் முன்னேறிவிட்டேன். டேப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன். கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளக்க வேண்டும். கடையிலும் அதே பழக்கம் வந்துவிட்டது. நேற்று ஒருவர் பேன்ட் அளவு கொடுக்க வந்தார், நான் ஒரு கண்ணை மூடிப் பென்சிலை நீட்டியதும் “என்னங்க, சுடப் போறீங்களா?” என்று பின்வாங்கிவிட்டார்.

கண் தலையின் நடுவில் இருக்கிறது என்பது உனக்குத் தெரியுமா? நெற்றிக்குக் கொஞ்சம் கீழே என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். உச்சந்தலைக்கும் தாடைக்கும் சரியாகப் பாதியில் இருக்கிறது. கண்ணாடி முன் நின்று அளந்து பார்த்துவிட்டு உன் அத்தையைக் கூப்பிட்டுச் சொன்னேன். “இத்தன நாள் எங்க இருந்துச்சுன்னு நெனச்சீங்க?” என்றாள்.

சுருட்டையை மூன்று தடவை வரைந்துவிட்டேன். மூன்றும் யாரோ. நீ சொன்ன அறுபத்து நான்கை வைத்துக் கண்ணைக் குறித்தேன், தலைமுடி வந்துவிட்டது, அது சுலபம். மற்றது எதுவும் வரவில்லை. போட்டோவைப் பார்த்து வரையாதீர்கள், எதிரில் உட்காருகிற ஆளை வரையுங்கள் என்று டீச்சர் விரட்டுகிறார். எதிரில் உட்கார அவன் இல்லையே என்று சொன்னேன். அதன் பிறகு அவர் விரட்டுவதில்லை.

நீதான் அவனைக் கிட்டத்தில் பார்த்தவள். பிள்ளை வளர்ந்த பிறகு அப்பன் அவன் முகத்தை எங்கே பார்க்கிறான்? முதுகைத்தான் பார்க்கிறான். எந்தக் காது மேலே? புருவத்துக்கு நடுவில் எப்படி இருக்கும்? சிரிப்பை அடக்கினால் வாய் எந்தப் பக்கம் போகும்? அவசரமில்லை. ஆனால் உடனே எழுது.

மாமா


மார்ச் 12

அன்புள்ள மாமாவுக்கு,

அவசரமில்லை என்றீர்கள், அதனால் உடனே எழுதுகிறேன். மதியம் கடையில் கூட்டம் இல்லை. எல்லாரும் சாப்பிடுகிறார்கள்.

இடது காது கொஞ்சம் மேலே. கண்ணாடி எப்போதும் அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், கம்பியை எத்தனை தடவை வளைத்துக் கொடுத்தாலும் மறுநாள் பழையபடி. காதின் நுனி தனியாகத் தொங்காது, கன்னத்தோடு ஒட்டியிருக்கும்.

புருவத்துக்கு நடுவில் ஒரு கோடு உண்டு. கோபக் கோடு இல்லை. ரொம்பச் சின்னதாக எதையோ பார்க்கிறவர்களுக்கு வருகிற கோடு. சும்மா இருக்கும்போதும் அது போவதில்லை, அதனால் புதிதாகப் பார்க்கிறவர்கள் சிடுமூஞ்சி என்று நினைப்பார்கள்.

சிரிப்பை அடக்கும்போது கீழுதடு இடது பக்கம் இழுத்துக்கொள்ளும். கண் முதலில் சிரித்துவிடும், வாய் அதற்குப் பிறகு யோசித்துச் சிரிக்கும். தாடை சதுரம். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய தடம், இடது பக்கம் கொஞ்சம் ஆழம்.

எழுத எழுத வந்துகொண்டே இருக்கிறது மாமா. எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. வரைந்ததும் அனுப்புங்கள். போனில் எடுத்து அனுப்பினால் நிழலெல்லாம் கறுத்துவிடும், தாளையே அனுப்புங்கள்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 2

அன்புள்ள மருமகளுக்கு,

இத்துடன் படம் வைத்திருக்கிறேன். மடிக்காமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து ஒட்டியிருக்கிறேன், பிரிக்கும்போது பார்த்துப் பிரி.

இது உயிரோடு வந்திருக்கிறது. நான் சொல்லவில்லை, டீச்சர் சொன்னார். வகுப்பில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். மருந்துக்கடை அம்மாள்கூடத் தன் பூசணிக்காயை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். நீ எழுதியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டேன். காது, கோடு, உதடு, தாடை. கடைசியில் அந்த உதட்டைப் போட்டதும் தாளிலிருந்து ஒருவன் என்னைப் பார்த்தான்.

ஆனால் ஒரு சிக்கல். ஓடிப்போய் உன் அத்தையிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். “நல்லா வரைஞ்சிருக்கீங்க” என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி வந்ததே பெரிது. பிறகு, “ஆனா இது நம்ம பிள்ள இல்ல. யாரு இது?” என்று கேட்டாள்.

நான் சண்டைக்குப் போனேன். அவள் அசையவில்லை. “தொப்பி போட்டா அவனுக்கு வலது பக்கந்தான் ஏறி நிக்கும். நெத்தி மழமழன்னு இருக்கும், கவலைன்னா என்னன்னே தெரியாத பயல். இவர் யாரோ பொறுப்பான மனுஷன்” என்றாள்.

நானும் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவள் சொன்ன பிறகு எனக்கும் அவன் தெரியவில்லை. எங்கே தப்பினேன் என்று நீ சொல். எதை அழித்து எதைப் போட வேண்டும்?

மாமா


ஏப்ரல் 9

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் எங்கேயும் தப்பவில்லை. நான்தான் தப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

படம் வந்ததும் கடை மேஜையில் வைத்தே பிரித்தேன். பார்த்த உடனே எனக்கு யார் என்று தெரிந்துவிட்டது. பின்கட்டிலிருந்து லென்ஸ் தேய்க்கிறவர் ஒரு ஜோடி லென்ஸைக் கொண்டுவந்து வைத்தார், படத்தைப் பார்த்தார். “யாரு வரைஞ்சது? மூக்கு எனக்கு இவ்ளோ பெருசாவா இருக்கு?” என்று கேட்டார்.

மாமா, நான் வேண்டுமென்று செய்யவில்லை. அன்று மதியம் உங்கள் மகனை நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். எழுதியது தினமும் பார்க்கிற முகம். அந்தக் காதுக்குத்தான் நான் வாராவாரம் கம்பி வளைத்துக் கொடுக்கிறேன். அந்தக் கோடு லென்ஸின் ஓரத்தைப் பார்த்துப் பார்த்து வந்த கோடு.

அவர் என்னைக் கேட்டு ஆறு மாதமாகிறது. கல்யாணத்துக்குத்தான். நான் பதில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லாமல் அவருக்குப் பதில் சொல்ல மனம் வரவில்லை, உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை. என் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் படத்தைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது.

உங்கள் மகனை நான் மறக்கவில்லை. அவர் குரல் இருக்கிறது, கோபம் வந்தால் வெளியே போகிறேன் என்று கிளம்பி, செருப்பு கிடைக்காமல் திரும்பி வந்து என்னிடமே கேட்பது இருக்கிறது. முகத்தின் ஓரங்கள்தான் கலைகின்றன. எனக்கு அது எவ்வளவு பயமாக இருக்கிறது என்று யாரிடமும் சொன்னதில்லை.

நீங்களும் அத்தையும் வேண்டாம் என்றால் நான் இதை இதோடு விட்டுவிடுவேன் என்று எழுத நினைத்தேன். அது உண்மையாக இருக்காது. ஆனால் உங்களை இழந்துவிட்டு என்னால் சந்தோஷமாக இருக்க முடியாது, அது உண்மை. உங்கள் மகன் போன பிறகு நான் எழுந்து நடந்தது உங்கள் வீட்டில்தான். இனிமேல் உங்களை மாமா என்று கூப்பிட எனக்கு உரிமை இருக்குமா என்று தெரியவில்லை. எனக்குப் பெரிய பயம் அதுதான்.

எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


மே 1

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. போன் செய்தால் அத்தைதான் எடுக்கிறார். முழங்காலைப் பற்றிப் பேசுகிறார், மழையைப் பற்றிப் பேசுகிறார், நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறார். நீங்கள் கடையில் இருக்கிறீர்கள் என்கிறார். எப்போது கூப்பிட்டாலும் கடையில்தான் இருக்கிறீர்கள்.

திட்டியாவது எழுதுங்கள். திட்டும்போது உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கும்.

வகுப்புக்குப் போகிறீர்களா? என்னால் அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை. அதனால் போடாமல் விடுகிறேன்.


மே 12

அன்புள்ள மருமகளுக்கு,

கையெழுத்தில்லாத கடிதத்தை நான் வாங்கிக்கொள்வதில்லை. இந்தத் தடவை மட்டும் போகட்டும்.

உன் கடிதம் வந்த அன்று கோபம் வந்தது. இல்லை என்று எழுதினால் பொய். பென்சிலையெல்லாம் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். மூன்று ஞாயிறு வகுப்புக்குப் போகவில்லை. ஒருவருடைய முழுக்கைச் சட்டையை அரைக்கையாக வெட்டிவிட்டேன். நீ இன்னொருவரைக் கட்டிக்கொள்வதற்காகக் கோபமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் முகம் உன்னிடமாவது பத்திரமாக இருக்கிறது என்று நம்பியிருந்தேன். அங்கேயும் இல்லை என்றதும் அவன் இன்னொரு தடவை போய்விட்டதுபோல் இருந்தது. அதுதான் வலித்தது.

உன் அத்தைக்கு நான் படித்துக் காட்டவில்லை. அவளே எடுத்துப் படித்துவிட்டாள். படித்துவிட்டு, “படத்தப் பாத்த அன்னிக்கே எனக்குத் தெரியும்” என்றாள். எப்படி என்றேன். “தெனம் பாத்துப் பாத்துப் பிடிச்சுப்போன மொகத்ததான் ஒருத்தி அப்படி எழுத முடியும்” என்றாள். ஏன் அன்றே சொல்லவில்லை என்று கத்தினேன். “அவ சந்தோஷமா எழுதியிருந்தா. நீங்க சந்தோஷமா வரைஞ்சிருந்தீங்க. நான் எதுக்கு நடுவுல?” என்றாள்.

போன ஞாயிறு அவள்தான் என்னை வகுப்புக்கு விரட்டினாள். அங்கே என் எதிரே யார் வந்து உட்கார்ந்தார் தெரியுமா? வங்கிக்காரர். உனக்கு நினைவிருக்கும், பேன்ட்டில் அரை விரல் நீளம், கால் விரல் குட்டை என்று மாதம் ஒரு தடவை கடையில் வந்து சத்தம் போடுகிறவர். அவரும் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். இரண்டு மணி நேரம் நான் அவரைப் பார்த்து வரைய வேண்டும், அவர் என்னைப் பார்த்து வரைய வேண்டும். எழுந்து வந்துவிடலாமா என்றிருந்தது.

வரைந்தேன். ஒரு இமை இன்னொன்றைவிடத் தாழ்ந்திருக்கிறது. தாடைக்குக் கீழே சவரம் செய்யாமல் விட்ட ஒரு திட்டு, அதைப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை போலிருக்கிறது. கண்ணுக்குக் கீழே தூக்கம் போதாத வீக்கம். நேரம் முடிந்தபோது என் கோபத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. அவர் என்னைப் பார்த்து, “நீங்க கடையில இருக்கறப்ப இருக்கற மாதிரி இல்ல சார்” என்றார். அவர் வரைந்த படத்தில் என் தலை பூசணிக்காய். அப்போதுகூடக் கோபம் வரவில்லை.

அதை யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். அம்மாடி, உன்னிடம் மூடி மறைக்கமாட்டேன். அந்த மனிதரை எனக்குப் பிடிக்கவில்லை. பார்த்ததில்லை, பேசியதில்லை, பிடிக்கவில்லை. என் பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் அவர் இருக்கிறார், அதற்கு அவர் என்ன செய்வார் என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் பிடிக்கவில்லை. வாழ்த்து என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிடலாம், அது உனக்கும் வேண்டாம். எனக்கு இரண்டு மணி நேரம் கொடு. அவரை இங்கே அழைத்து வா. ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்து வரைகிறேன். இரண்டு மணி நேரம் ஒருத்தர் முகத்தை ஒழுங்காகப் பார்த்த பிறகும் அவரை வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. இப்போதைக்கு எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

சுருட்டையைப் பற்றி இனி உன்னைக் கேட்கமாட்டேன். அவன் முகத்தை ஞாபகம் வைத்திருக்கிற வேலையை நானும் உன் அத்தையும் பார்த்துக்கொள்கிறோம். அது எங்கள் வேலை. அவள் சொல்லச் சொல்ல நான் போட்டுப் பார்க்கிறேன், வருகிறபோது வரட்டும். நீ உன் வேலையைப் பார்.

என்னை மாமா என்று கூப்பிட உரிமை இருக்குமா என்று கேட்டிருந்தாய். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்க்கமாட்டேன்.

சனிக்கிழமை காலை கடையைத் திறக்காமல் வைத்திருப்பேன்.

மாமா


மே 16

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்க முடியவில்லை. கண் பரிசோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். படித்த பிறகு அங்கே விளக்கை அணைத்தால் யாருக்கும் முகம் தெரியாது.

வருகிற சனிக்கிழமை முதல் பஸ்ஸில் இருவரும் வருகிறோம். முடி வெட்டிக்கொண்டு வரட்டுமா, இப்படியே வரட்டுமா என்று அவர் உங்களைக் கேட்கச் சொன்னார். இப்படியே வாருங்கள் என்று நானே சொல்லிவிட்டேன். அவருக்கு ரொம்பப் பயம். அசையாமல் உட்காரப் பழகுகிறேன் என்று பின்கட்டில் ஸ்டூலைப் போட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். தேய்க்க வேண்டிய லென்ஸெல்லாம் தேங்கிக் கிடக்கிறது, எனக்குத் திட்டு விழுகிறது.

இரண்டு மணி நேரம் போதவில்லை என்றால் ஞாயிறும் இருக்கிறோம் மாமா. நீங்கள் நிதானமாகவே பாருங்கள்.

உங்கள் மருமகள்